“எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும்”: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரம் வந்துவிட்டால் அன்றைய பாடம் குறித்த நேரத்தில் முடிவதில்லை. கேள்வி மேல் கேள்வி வரும். பாதிக் கேள்விகள் இஸ்ரவேலைப் பற்றியவை. மீதியெல்லாம் கேட்பவர் தன் சபையையோ தன் நாட்டையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்பவை. பல வருடங்களாகக் காதில் விழுந்த அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்த்தபடியே படியுங்கள்.

முதல்ல நடந்ததைச் சொல்லுங்க. ராஜா வேணும்னு கேட்டது யாரு? எப்போ?

இஸ்ரவேலை நியாயம் விசாரித்து நடத்திவந்த தீர்க்கதரிசி சாமுவேல் முதிர்வயதாகிவிட்டார். தன் மகன்களான யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்திருந்தார். அவர்கள் தகப்பன் வழியில் நடக்கவில்லை. பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். அதனால் இஸ்ரவேலின் மூப்பர்கள் எல்லாரும் கூட்டமாக ராமாவுக்கு வந்து, மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு ராஜாவை ஏற்படுத்தும் என்று கேட்டார்கள்.

சாமுவேலுக்கு அது மனவருத்தமாக இருந்தது. ஆனால் அவர் அவர்களோடு வாக்குவாதம் செய்யவில்லை, ஜெபிக்கப் போனார். அங்கே கர்த்தர் சொன்ன பதில்தான் இந்த அதிகாரத்தின் நடுநரம்பு: அவர்கள் தள்ளினது உன்னை அல்ல, என்னை. எகிப்திலிருந்து புறப்பட்ட நாள் முதல் இன்றுவரை அவர்கள் செய்துவருவதும் இதுதான் என்றும் கர்த்தர் சேர்த்துச் சொல்கிறார்.

அதுக்கு முன்னாடி ராஜா இல்லாம அவங்க எப்படித்தான் இருந்தாங்க? யாருமே ஆளலையா?

கர்த்தர் ஆண்டார். கேட்க வெறும் பிரசங்க வார்த்தைபோல இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அது அன்றாட நடைமுறை. வனாந்தரத்தில் கர்த்தருடைய பிரசன்னத்தைக் காட்டின மேகம் ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் தங்கினால் பாளயம் தங்கும். மேகம் எழும்பினால் பாளயம் புறப்படும். எண்ணாகமம் 9-ஆம் அதிகாரம் இதை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது பாருங்கள். சில வேளை மேகம் சாயங்காலம் முதல் விடியற்காலம் மட்டும் இருக்கும். சில வேளை இரண்டு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம்கூட இருக்கும். ராத்திரி கூடாரத்துக்கு முளையடிக்கிற ஒரு தகப்பனுக்கு, அதைக் காலையில் பிடுங்க வேண்டியிருக்குமா, அடுத்த வருஷம்தானா என்று தெரியாது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அண்ணாந்து பார்ப்பான்.

கானானுக்குள் வந்தபின் நியாயப்பிரமாணம் இருந்தது, ஆசாரியர்கள் இருந்தார்கள், ஊர்தோறும் மூப்பர்கள் இருந்தார்கள். ஆபத்து வந்தபோது ஜனங்களை மீட்டு நடத்தக் கர்த்தர் ஒரு நியாயாதிபதியை எழுப்பினார். ஆபத்து நீங்கினால் அந்தப் பதவி அவர் மகனுக்குப் போகாது. நிரந்தரச் சேனையும் கிடையாது, அரண்மனையும் கிடையாது.

சாமுவேல் பசங்க லஞ்சம் வாங்கினாங்கதானே? அப்போ ஜனங்க கேட்டதுல என்ன தப்பு?

குறை சரியானது. இதை நான் முதலில் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேதமே அதை மறைக்கவில்லை. தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் தங்கள் பாவத்தால் அழிந்ததை அறிந்திருந்த சாமுவேல், தன் மகன்களைத் தானே அந்த இடத்தில் வைத்தார். கர்த்தர் அவர்களை நியமித்ததாக ஒரு வரியும் இல்லை. பெரிய தேவமனிதரின் வீட்டிலும் இப்படி நடக்கும்.

ஆனால் அவர்கள் கேட்ட மருந்தைப் பாருங்கள். தகப்பனைப்போல மகன்கள் இல்லை என்பது புகார். அதற்குத் தீர்வாகக் கேட்டதோ ராஜாவை, அதாவது தகப்பனுக்குப்பின் மகன் தானாகவே ஆளவரும் ஏற்பாட்டை! லஞ்சம் வாங்கிய இரண்டு பேரை நீக்கும்படி கேட்டிருக்கலாம். கர்த்தரிடம் விசாரியும் என்று சாமுவேலைக் கேட்டிருக்கலாம். அது எதுவும் அவர்கள் வாயில் வரவில்லை. தீர்வை முதலிலேயே முடிவு செய்துகொண்டு வந்தார்கள், குறை அதற்கு ஒரு காரணமாக அமைந்தது.

பயத்துல கேட்டிருப்பாங்க பிரதர். எதிரிங்க சுத்தி நிக்கும்போது மனுஷன் வேற என்ன செய்வான்?

பயந்துதான் கேட்டார்கள், அந்தப் பயம் பொய்யும் அல்ல. அண்டை எதிரிகளான பெலிஸ்தரின் கை எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தின் கடைசியில் பார்க்கலாம். இஸ்ரவேல் தேசமெங்கும் ஒரு கொல்லன் இல்லை. உழுகிறவன் தன் கொழுவையும் மண்வெட்டியையும் கோடரியையும் தூக்கிக்கொண்டு, தீட்டுவதற்காகப் பெலிஸ்தரிடத்துக்கே போக வேண்டும். யுத்தநாளில் பட்டயமும் ஈட்டியும் முதல் ராஜாவான சவுலிடத்திலும் அவன் மகன் யோனத்தானிடத்திலும் மட்டுமே இருந்தன. கிழக்கே அம்மோன் ராஜாவான நாகாஸ், யாபேஸ் ஊரார் ஒவ்வொருவருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்று சொன்னவன். அந்த நாகாசைக் கண்டதால்தான் ராஜா கேட்டீர்கள் என்று சாமுவேலே 12-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார்.

இருந்தாலும் 8-ஆம் அதிகாரத்துக்கு முந்தின 7-ஆம் அதிகாரத்தை விட்டுவிடக் கூடாது. மிஸ்பாவில் ஜனங்கள் உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தபோதே பெலிஸ்தர் ஏறிவந்தார்கள். கர்த்தர் பெரிய இடிமுழக்கத்தால் அவர்களைக் கலங்கடித்தார். சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார் என்று அதற்கு எபெனேசர் என்று பேர் வைத்தார். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் வைத்திருக்கிற பேர் அது! கல் நின்றுகொண்டுதான் இருந்தது. அதைத் தாண்டி நடந்து போய்த்தான் மூப்பர்கள் ராஜாவைக் கேட்டார்கள்.

அப்போ ராஜா இருக்கறதே பாவமா? தாவீது ராஜாதானே?

ராஜா இருப்பது பாவம் அல்ல. ராஜாக்கள் உன்னிடத்திலிருந்து வருவார்கள் என்று ஆபிரகாமுக்கு ஆதியாகமம் 17-லேயே வாக்கு உண்டு. உபாகமம் 17-இல் ராஜாவுக்கான சட்டமே இருக்கிறது: குதிரைகளைப் பெருகப்பண்ணக் கூடாது, மனைவிகளைப் பெருகப்பண்ணக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது, நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்மேல் இருதயம் மேட்டிமைகொள்ளக் கூடாது.

அவர்கள் ராஜாவை எந்த இடத்தில் வைக்கக் கேட்டார்கள் என்பதில்தான் பாவம் இருந்தது. 8-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள்: ராஜா எங்களுக்கு முன்பாகப் புறப்பட்டு எங்கள் யுத்தங்களை நடத்தவேண்டும் என்கிறார்கள். “முன்பாகப் புறப்படுவது” யாருடைய வேலை? நியாயாதிபதிகள் காலத்தில் கானானியச் சேனாபதி சிசெராவின் 900 இருப்பு ரதங்களுக்கு எதிரே பாராக் நின்றபோது, கர்த்தர் உனக்கு முன்பாகப் புறப்படவில்லையா என்று கேட்டாள் தீர்க்கதரிசியான தெபொராள். ஜனங்கள் அந்த இடத்தைத்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரு ஆளுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். சீனாய் மலையடிவாரத்திலும் இதுவேதான் நடந்தது. மோசே இறங்கிவரத் தாமதித்ததும், எங்களுக்கு முன்செல்லும் தெய்வங்களை உண்டாக்கும் என்று ஆரோனைக் கேட்டார்கள். அங்கே கன்றுக்குட்டி, இங்கே ராஜா.

தாவீது வேறுபடுவது இங்கேதான். 2 சாமுவேல் 5-இல் பெலிஸ்தரோடு யுத்தம். தாவீது அப்போது ராஜா, சேனையும் இருக்கிறது. ஆனாலும் கர்த்தரிடம் விசாரிக்கிறான். முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் நடந்துசெல்லும் இரைச்சல் கேட்கும்வரை காத்திரு, அப்போது கர்த்தர் உனக்கு முன்பாகப் புறப்பட்டிருப்பார் என்று பதில் வருகிறது. ஒரு ராஜா தன் படையை நிறுத்திவைத்துவிட்டு இலைகளின் சத்தத்துக்குக் காதுகொடுத்து நிற்கிறான். இப்படிப்பட்ட ராஜா இருந்தால் கர்த்தருடைய ஆளுகை கொஞ்சமும் குறைவதில்லை.

கர்த்தருக்குப் பிடிக்கலைன்னா ஏன் கொடுத்தாரு? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?

வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. சாமுவேல் மூலமாகப் பட்டியல் போட்டுச் சொன்னார். உங்கள் குமாரரை ரதங்களுக்கு எடுப்பான், உங்கள் குமாரத்திகளைத் தைலம்பண்ணவும் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுப்பான், நல்ல வயலையும் திராட்சத்தோட்டத்தையும் ஒலிவத்தோப்பையும் எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான், தானியத்திலும் ஆட்டிலும் பத்திலொரு பங்கு வாங்குவான், நீங்கள் அவனுக்கு வேலையாட்களாவீர்கள். “எடுப்பான், எடுப்பான்” என்பதுதான் அந்தப் பேச்சின் தாளம். கேட்டுவிட்டும், இல்லை, எங்களுக்கு ராஜா இருக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

பிடிவாதமாகக் கேட்பதைக் கர்த்தர் சில சமயம் கொடுத்துவிடுவார். என் கோபத்திலே உனக்கு ராஜாவைக் கொடுத்தேன் என்று ஓசியா 13-இல் அவரே சொல்கிறார். ஆனால் கோபம் மட்டும்தான் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1 சாமுவேல் 9:16-இல், என் ஜனத்தின் முறையிடுதல் என்னிடத்தில் வந்தெட்டினது, பெலிஸ்தரின் கைக்கு அவர்களைத் தப்புவிக்க இவனை அபிஷேகம்பண்ணு என்கிறார். தன்னைத் தள்ளினவர்களையும் அந்தத் தப்பான வழியிலேயே காப்பாற்றுகிற தேவன் அவர். இந்த இரண்டு வசனங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

சாமுவேல் சொன்னது நடந்துச்சா, இல்ல சும்மா எச்சரிக்கையா?

மூன்றாவது ராஜாவுக்குள்ளேயே நடந்துவிட்டது. தாவீதின் மகன் சாலொமோன் இஸ்ரவேலரில் 30,000 பேரை அமஞ்சிக்கு, அதாவது கட்டாய வேலைக்கு, பிடித்தான். மாதத்துக்கு 10,000 பேராக லீபனோனுக்குப் போய்வந்தார்கள். அரண்மனையின் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100; மான்களும் பறவைகளும் தனி. தேசத்தை 12 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு மாதம் இதைத் தர வேண்டும். உபாகமச் சட்டத்தின் மூன்று தடைகளையும் அவன் மீறினான்: எகிப்திலிருந்து குதிரைகள், ஒரு வருஷத்தில் வந்த 666 தாலந்து பொன், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள்.

அவன் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள், நுகத்தை லகுவாக்கும் என்று கெஞ்சினபோது, என் தகப்பன் சவுக்குகளால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்றான். ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. அமஞ்சிக்காரருக்குத் தலைவனாயிருந்த அதோராமை அனுப்பினான். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். பிறகு வந்த ஆகாப் ராஜாவின் நாளில், நாபோத்தைப் பொய்க்குற்றம் சாட்டிக் கொன்று அவன் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

நியாயாதிபதிகள் புஸ்தகமே “ராஜா இல்லை, அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தான்”னு முடியுது. அப்போ ராஜா தேவைன்னுதானே அர்த்தம்?

நல்ல கேள்வி, லேசாகத் தாண்டிப்போகக் கூடாது. அந்தப் புஸ்தகத்தின் கடைசி அதிகாரங்களில் நடக்கிற கொடுமைகளை வாசித்தால், யாராவது ஒருவர் இதையெல்லாம் தடுக்கக்கூடாதா என்று நமக்கே தோன்றும். ஒழுங்கு தேவை என்பதை அந்த வசனம் சொல்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே புஸ்தகத்தின் நடுவில் வேறு இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று நியாயாதிபதி கிதியோனுடையது. நீரும் உம்முடைய குமாரனும் எங்களை ஆளவேண்டும் என்று கேட்டபோது, நானும் ஆளமாட்டேன், என் குமாரனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவாராக என்றான். (அவனே பிறகு 1,700 சேக்கல் பொன்னில் ஏபோத்து என்னும் ஆசாரிய உடுப்பைச் செய்து ஒப்ராவில் வைத்து ஜனங்களுக்குக் கண்ணியாக்கினான். சரியாகப் பேசின வாயும் சறுக்கும்.) மற்றது கிதியோனின் மகன் யோதாமின் கதை. அவன் அண்ணன் அபிமெலேக்கு, சகோதரர் 70 பேரைக் குறிவைத்து ஒரே கல்லின்மேல் கொலைசெய்து ராஜாவானவன். இளையவனான யோதாம் மட்டும் ஒளிந்து தப்பினான். கெரிசீம் மலைமேல் நின்று அவன் சொன்னது: மரங்கள் ராஜா தேடிப் போயின. ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி மூன்றும், எங்கள் கனியை விட்டுவிட்டு வரமாட்டோம் என்றன. கடைசியில் முட்செடி ஒத்துக்கொண்டது, என் நிழலில் வந்து அடையுங்கள் என்றது. முட்செடிக்கு ஏது நிழல்? வராவிட்டால் என்னிடத்திலிருந்து அக்கினி புறப்படும் என்று மிரட்டவும் செய்தது.

அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தது ராஜாக்கள் நாளிலும் நின்றுவிடவில்லை. முன்பு குடிமகன் செய்தான். பிறகு சிங்காசனத்தில் இருந்தவனும் சேர்ந்து செய்தான்.

அப்படின்னா நாம ஓட்டுப் போடக் கூடாதா? அரசாங்கத்தை மதிக்க வேண்டாமா?

மதிக்க வேண்டும். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2. யோசேப்பும் தானியேலும் நெகேமியாவும் அந்நிய ராஜாக்களிடத்தில் உண்மையாய் வேலை பார்த்தார்கள். ஓட்டுப் போடுங்கள், யோசித்துப் போடுங்கள். அரசாங்கம் கர்த்தருக்கு விரோதமானதைச் செய்யச் சொன்னால், ஆண்பிள்ளைகளைக் கொல்லாமல் காப்பாற்றின எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் நமக்கு முன்மாதிரி. ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனது சாயும்போதுதான், நாம் அந்த மூப்பர்களோடு ராமாவுக்குப் போகிறோம்.

“நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே”ன்னு இருக்கே. ஊழியக்காரரைக் கேள்வி கேட்கலாமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். ஒரு சகோதரி கணக்கு விஷயமாக ஒரு நேர்மையான கேள்வி கேட்டதற்கு இந்த வசனமே பதிலாக வந்ததாம். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது.

சங்கீதம் 105-ஐ முழுக்க வாசியுங்கள். “அபிஷேகம்பண்ணினவர்கள்” என்று அங்கே சொல்லப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஒரு ராஜ்யத்தைவிட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்தவர்கள். “தொடாதே” என்று கர்த்தர் கடிந்துகொண்டது யாரை? ராஜாக்களை. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கும் வசனம் அது. அதைப் பலமுள்ளவர் கையில் கேடயமாகக் கொடுப்பது வசனத்தைத் தலைகீழாக்குவது. தன்னைக் கொல்லத் தேடிய சவுலைத் தாவீது கொல்லவில்லை, உண்மை. ஆனால் குகைக்கு வெளியே நின்று, சவுலுக்குத் தெரியாமல் வெட்டின அவன் சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக் காட்டி, என்னில் பொல்லாப்பு இல்லை, ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். தாவீது ராஜாவானபின் பாவம் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் அவன் முகத்துக்கு நேரே, நீயே அந்த மனுஷன் என்றான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாமுவேல் பதவியை விட்டுக்கொடுத்த நாளில் செய்ததைப் பாருங்கள். கூடியிருந்த ஜனங்கள் முன்னால் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திரும்பக் கொடுக்கிறேன் என்றார். ராஜா எடுப்பான் எடுப்பான் என்று எச்சரித்தவர், நான் எடுத்தேனா என்று தன்னையே விசாரணைக்கு ஒப்புக்கொடுக்கிறார். கர்த்தருக்குக் கீழே இருக்கிற தலைவர் கேள்விக்குப் பயப்படமாட்டார்.

கர்த்தர் நடத்துவார்னு காத்திருக்கோம், ஆனா ஒண்ணுமே நடக்கலையே. எவ்வளவு நாள்?

சவுல் கில்காலில் 7 நாள் காத்திருந்தான். 3,000 பேராக இருந்த சேனை கரைந்துகொண்டே போனது. கடைசியில் எண்ணினபோது 600 பேர். ஏழாம் நாளும் சாமுவேலைக் காணோம். சவுல் துணிந்து தானே பலி செலுத்தினான். செலுத்தி முடித்த உடனே, இதோ, சாமுவேல் வருகிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சவுல்மேல் பரிதாபம் வரும். நானும் கடைசி மணி நேரத்தில் பொறுமை இழந்தவன்தான். ஜனங்கள் சிதறுவதைக் கண்டு அவன் பயந்தான். கிதியோனிடமோ 32,000 பேரைக் கர்த்தரே 300-ஆகக் குறைத்தார்.

எங்கள் சபைக்குப் போதகர் இல்லாத ஒரு காலம் இருந்தது. மாதங்கள் ஓடின. யாரையாவது சீக்கிரம் கொண்டுவாருங்கள், ஆள் குறைகிறது என்று நானே கமிட்டியில் சத்தம் போட்டேன். அந்த நாட்களில் ஒரு வயதான அம்மா மட்டும் ஞாயிறுதோறும் முன்வரிசைப் பாயை விரித்து, விளக்கைப் போட்டு, எங்களுக்கு முன்பே முழங்காலில் இருப்பார். யார் வந்தால் வசதி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கர்த்தர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல என்று அவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தியோகியா சபை ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பவுலையும் பர்னபாவையும் பிரித்துவிடச் சொல்லிப் பரிசுத்த ஆவியானவர் பேசினார்.

இயேசுவை ராஜான்னு சொல்றோம். ஆனா ஜனங்க ராஜாவாக்க வந்தப்போ அவரே ஏன் ஓடிப்போனாரு?

யோவான் 6. அப்பம் சாப்பிட்ட கூட்டம் அவரைப் பலவந்தமாய் ராஜாவாக்க நினைத்தது. அவர் விலகித் தனியே மலைமேல் ஏறினார். ராமாவுக்கு வந்த மூப்பர்கள் யுத்தத்துக்காக ராஜா கேட்டார்கள், இவர்கள் அப்பத்துக்காகக் கேட்டார்கள். தங்கள் சௌகரியத்துக்கு ஏற்ற ஒருவரைத் தாங்களே நியமிப்பதுதான் இரண்டிலும் நடந்தது. கொஞ்ச காலத்துக்குப்பின் பிலாத்துவின் முன்னால் பிரதான ஆசாரியர், இராயனை, அதாவது ரோமப் பேரரசனை, தவிர எங்களுக்கு வேறு ராஜா இல்லை என்று சொன்னபோது, சாமுவேல் காலத்துக் கோரிக்கை தன் கடைசி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் ராஜாதான். ஆனால் சாமுவேலின் பட்டியலில் இருக்கிற ராஜா எடுக்கிறவன். மனுஷகுமாரனோ ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார். ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொள்ளலாமா என்று குழப்பம் வந்தால், அவர் எடுக்கிறவரா கொடுக்கிறவரா என்று நான் பார்ப்பதுண்டு.

நாங்க ஏற்கெனவே தப்பான ஆளை நம்பி எல்லாத்தையும் ஒப்புக்கொடுத்துட்டோம். இனிமே கர்த்தர் எங்களை ஏத்துப்பாரா?

இதைக் கேட்பவர்களுக்காகவே 1 சாமுவேல் 12 எழுதப்பட்டிருக்கிறது. அது கோதுமை அறுப்பின் நாள். அந்தப் பருவத்தில் அங்கே மழை பெய்யாது. சாமுவேல் கூப்பிட்டார், இடியும் மழையும் வந்தது. அப்போதுதான் ஜனங்களுக்கு உறைத்தது. எங்கள் எல்லாப் பாவங்களோடும் ராஜாவைக் கேட்ட இந்தப் பாவத்தையும் கூட்டிக்கொண்டோம் என்று அழுதார்கள்.

சாமுவேல் அவர்களைத் துரத்தவில்லை. பயப்படாதேயுங்கள் என்றார். இந்தப் பொல்லாப்பையெல்லாம் செய்தீர்கள் என்று ஒளிக்காமல் சொன்னார், ஆனாலும் கர்த்தரைவிட்டுப் பின்வாங்காதிருங்கள், அவர் தம்முடைய மகத்துவமான நாமத்தினிமித்தம் தமது ஜனத்தைக் கைவிடமாட்டார் என்றார். சவுலை இறக்கிவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று நிபந்தனை போடவில்லை. தப்பான முடிவின் விளைவுகள் அங்கேயே இருந்தன, ராஜாவும் அங்கேயே நின்றிருந்தான். அந்த நிலையிலேயே திரும்பச் சொன்னார். உங்களுக்காக ஜெபியாதிருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்கிறவனாவேன், அது எனக்குத் தூரமாயிருப்பதாக என்றும் சொன்னார். அவர்கள் தள்ளிவிட்டுப் போன அதே மனிதர் சொன்னது இது. பின்னாளில் சவுல் தள்ளப்பட்டபோது இராமுழுவதும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவரும், அவனுக்காகத் துக்கித்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான்.